சிப்பிக் கடிகாரம்

நின்றுபோயிருக்க வேண்டிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

யாகூப் இழுப்பறையைத் திறந்தபடியே நின்றான். அவனும் மனைவி முனீராவும் இஸ்தான்புல்லில் படிக்கும் மகனைப் பார்க்கப் போய், இரண்டு வாரம் கழித்து அன்று காலைதான் குவைத்துக்குத் திரும்பியிருந்தார்கள். சாவி கொடுக்கிற கடிகாரமில்லை அது. கட்டியிருப்பவனின் கை அசைய அசையத் தானே முறுக்கேறி ஓடும்; கழற்றி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பூட்டிய வீட்டில், பூட்டிய அலமாரியில், யார் கை அசைந்தது?

அடைத்துக் கிடந்த அறையின் புழுதி வாசமும், திரைச்சீலைகளில் படிந்திருந்த பழைய சாம்பிராணி மணமும் கலந்து வந்தன. அவற்றுக்கும் அடியில், கடல் வற்றிய நேரத்தில் சேற்றிலிருந்து எழும் சிப்பி வாடை ஒன்று மெலிதாக இழைந்தது. போகும்போது பெட்டிக்குள் சுருட்டி வைத்த கடிகாரம் இப்போது வெளியே கிடந்தது. அதன் தோல் பட்டை, யாரோ நுனியைப் பிடித்து இழுத்ததுபோல, இழுப்பறையின் விளிம்புவரை விறைப்பாக நீண்டிருந்தது.

"முனீரா, நீ இதை எடுத்தியா?"

"வந்ததும் வராததுமா அந்த வாட்ச்சா?" சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது. மகன் பெயரைச் சேர்த்துத்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள். "அபூ பத்ர், உங்களோட விமானத்துலதான் நானும் வந்தேன். ஞாபகம் இருக்கா?"

சிரித்தபடி அதைக் கையில் கட்டிக்கொண்டான். அவன் செய்த பெரிய தவறு அதுதான். ஆனால் அந்தக் கடிகாரத்தைக் கட்டாமல் இருக்க அவனாலும் அவன் கூட்டாளிகளாலும் முடியாது. கடிகாரப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் அவர்கள். செவ்வாய்தோறும் கானிம் வீட்டுத் திவானியாவில், ஆண்கள் கூடிப் பேசும் அந்தக் கூடத்தில், மெத்தைகளில் சாய்ந்து, காவா என்ற அரபுக் காபி குடித்து, ஒருவன் மணிக்கட்டை மற்றவன் பொறாமையோடு பார்ப்பார்கள். தங்களுக்கென்று மட்டும் ஒரு கடிகாரம் வேண்டுமென்று சுவிட்சர்லாந்தில் ஒரு சிறிய பட்டறையைப் பிடித்தார்கள். முகப்பு மட்டும் நம் கடலின் முத்துச்சிப்பியில் இருக்க வேண்டும் என்று கானிம் ஒற்றைக் காலில் நின்றான். தெற்கே, மீனவர்கள் வலை போடத் தயங்கும் ஒரு பழைய சிப்பித் திட்டிலிருந்து அவனே ஆள் வைத்துச் சிப்பிகளை எடுத்து அனுப்பினான்.

கடிகாரங்கள் வந்து சேர்ந்த அன்று, கையைத் தூக்கிக் காட்டி, "பொண்டாட்டிய மாத்தினாலும் மாத்துவேன், இத மாத்த மாட்டேன்" என்றான் கானிம்.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டான் பர்ராக். கூட்டத்திலேயே இளையவன், பல் டாக்டர்.

"சொல்லேன். எனக்கு முன்னாடி அவ பெட்டியக் கட்டிருவா."

விளக்கில் அந்த முகப்பு பாலும் ரோஜாவும் பச்சையுமாக மாறி மாறி மினுங்கியது. உற்றுப் பார்த்தால் உள்ளே ஆழம் இருந்தது. தாள் கனமே உள்ள சிப்பிச் சீவலுக்குள் அவ்வளவு ஆழம்.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் வளைகுடாச் சாலையில் சிக்னலுக்காகக் காத்திருந்தபோதுதான் முதல் இழுப்பு. ஸ்டீயரிங்கிலிருந்து இடது கை வழுக்கி, ஜன்னல் கண்ணாடியில் போய் மோதியது. நரம்பு பிசகிவிட்டது என்று நினைத்துக் கையை உதறிக்கொண்டான். அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பியபோது கை பக்கத்து இருக்கையை நோக்கிப் போனது. இன்னொரு திருப்பத்தில் பின்னால் போனது. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் கை ஒரே பக்கம்தான் போனது. கடல் இருந்த பக்கம்.

அதற்குப் பிறகு அவனால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் இழுப்பு பலமானது. நடந்தால் கொஞ்சம் தளர்ந்தது. கூடத்திலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து வாசலுக்கும், கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். பளிங்குத் தரையில் அவன் செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று வீடு முழுக்கக் கேட்டது.

"உக்காருங்களேன். பாக்கிற எனக்குத் தலை சுத்துது."

"முடியல."

"அப்ப அந்தச் சனியனக் கழட்டிட்டு நடங்க."

கழற்றினான். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்து, நீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. கடிகாரத்தை மேசையில் வைத்தான். வெறும் மணிக்கட்டை அது இழுத்தது.

இரண்டு சின்ன இழுப்பு. ஓர் இடைவெளி. ஒரு நீண்ட இழுப்பு.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்கியவன் மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றைச் சுண்டுவான். படகில் கயிறு பிடித்திருப்பவன் அந்த நொடியே இழுத்து அவனை மேலே எடுக்க வேண்டும். கண் அயர்ந்தால், பேச்சில் மறந்தால், கீழே இருப்பவன் கீழேயே இருப்பான்.

பர்ராக் போனில் அழைத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. உனக்கும் இழுக்குதா?"

"ம்" என்றான் யாகூப். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"கையக் கட்டில் காலோட சேத்துக் கட்டிப் பாத்தேன், யாகூப். கட்டில் நகருது."

"கானிம்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'இழுக்கிறவன மேல எடுக்காம விடறது பாவமில்லையா'ன்னு கேக்கறான். சிரிச்சுட்டுக் கேட்டிருந்தாலாவது பரவால்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் அவனோட கடற்கரை வீட்டுல எல்லாரும் கூடறோம். எல்லாத்தையும் கடல்லயே போட்டுடலாம். எங்கருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும். வந்துரு, என்ன?"

வெள்ளிக்கிழமை முனீராதான் காரை ஓட்டினாள். இடது கையை இரண்டு தொடைக்கும் நடுவில் நசுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடிகாரம் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் இருந்தது. துணியைத் தாண்டியும் அதன் ஈரம் நெஞ்சில் பட்டது. தெற்கே போகப் போக வானம் புழுதியில் பழுத்து, பட்டப்பகலிலேயே சூரியன் மங்கிய செப்புக்காசாகத் தெரிந்தது.

கானிமின் வீட்டு முன்னால் எல்லோருடைய கார்களும் நின்றிருந்தன. பந்தலில் பெரிய தாம்பாளத்தில் ஆட்டிறைச்சிச் சோறு, யாரும் கை வைக்காமல் ஆறிப்போய், ஈ மொய்த்துக் கிடந்தது. அரைக் குவளைத் தேநீர்கள். பேச்சுச் சத்தமே இல்லை. ஈர மணலில் செருப்புகள் வரிசையாக, ஒழுங்காக, கடலைப் பார்த்து விடப்பட்டிருந்தன.

"எங்க போனாங்க எல்லாரும்?" என்றாள் முனீரா.

அவன் பார்த்துவிட்டான்.

கடல் வற்றிக் கிடந்தது. தொலைவில், இடுப்பளவு தண்ணீரில், வெள்ளை அங்கி உப்ப, அவர்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவனும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தான். கைகளில் கயிறு இல்லை. ஆனால் மூடிய விரல்களுக்கிடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரத்தமும்.

யாகூப் ஓடினான். தண்ணீர் முழங்கால் வந்தது, தொடை வந்தது. அருகில் பர்ராக். கண்ணீர் தாடி வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"கை நிக்க மாட்டேங்குது," என்றான். "போயிரு. யாகூப், போயிரு."

அவன் முன்னால் தண்ணீர் புடைத்தது. ஒரு கை வெளியே வந்தது. சிப்பியின் உட்புறம்போல் பாலும் ரோஜாவும் பச்சையுமாக மினுங்கும் கை. அது பர்ராக்கின் மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பற்றியது. பர்ராக் குனிந்தான். இடுப்பளவுத் தண்ணீருக்குள் போனான். நிமிரவில்லை.

யாகூப் சட்டைப்பையைக் கிழித்துக் கடிகாரத்தை வீசினான். முடிந்த மட்டும் தூரமாக.

மூழ்கியது.

இழுப்பு நின்றது.

கை இறகுபோல் லேசானது. மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடி வந்த முனீராவைத் திரும்பிப் பார்த்து, "போயிருச்சு," என்றான். "முனீரா, போயிருச்சு."

உள்ளங்கையில் எதுவோ உரசியது.

நனைந்தது. சொரசொரப்பானது. கண்ணுக்குத் தெரியாதது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. வலது கை. இடது கை. வலது.

"விடுங்க! அபூ பத்ர், விடுங்க!"

விட முடியவில்லை. தோல் உரிந்தது. மறுமுனையில் கனம். மேலே வரும் கனம்.

முனீரா பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குதிகால்களை மணலில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் கரைப் பக்கம் இழுத்தாள். அவன் பின்னால் நகர்ந்தான். கயிறும் கூடவே வந்தது. அவள் இழுக்க இழுக்க வேகமாக வந்தது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

தலை முதலில் எழுந்தது. நீரில் படிந்த நீண்ட முடி. பிறகு நெற்றி. திறந்த கண்கள். மூக்கில், நீர் ஏறாமலிருக்க முத்துக்குளிப்பவன் மாட்டும் எலும்புக் கவ்வி, சதையோடு சதையாக வளர்ந்திருந்தது.

அது வாயைத் திறந்தது. நெடுங்காலம் காத்திருந்த முதல் மூச்சை இழுத்தது.

யாகூபின் நெஞ்சு உள்வாங்கியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, உள்ளே இருந்த காற்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அவன் முதுகில் முகம் புதைத்து, கண்களை இறுக மூடி, முனீரா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.