இடது கைக்காரர்

மௌஸின் இடது பொத்தானை அழுத்தினாள். கோப்பு திறக்கவில்லை. வலது பொத்தானை அழுத்தினால் வரவேண்டிய நீளப் பட்டியல் திரையில் வந்து விழுந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பட்டியல்தான். புது ஹார்ட் டிஸ்க் போட்டு இன்னும் ஒரு வேலைகூடச் செய்யவில்லை, அதற்குள் முரண்டு பிடிக்கிறதே என்று அலுத்துக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது. பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. அப்படி மாற்றி வைத்துக்கொள்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவளுடைய கணவர், இடது கைக்காரர். அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புது டிஸ்க்கை உள்ளே பொருத்திவிட்டு, பழையதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தபோது, "அக்கா, ஃபைல் மட்டும் எடுத்துக்கோங்க. செட்டிங்ஸ் வேணாம். அதுல யார் யாரெல்லாம் இருந்தாங்களோ அவங்க பழக்கமெல்லாம் சேர்ந்து வந்துரும், அப்புறம் கழட்டி விட முடியாது" என்றார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். கோட்டின் தடிமன், எழுத்தின் அளவு என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டுமே என்ற சோம்பல். எதையெதை எடுக்கலாம் என்று திரை கேட்டபோது, அவர் பெயரில் இருந்த கணக்கையும் சேர்த்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டாள்.

சரி, ஒரு பொத்தான்தானே. செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினாள். மாறியது. அடுத்த கோப்பைத் திறக்கப் போனாள், பட்டியல் வந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. பகல்தான் என்றாலும் அறையில் வெளிச்சம் கம்மி. திரையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வருவதை அவள் கவனித்தாள். அவருக்கு வெளிச்சம் ஆகாது, கண் கூசுகிறது என்று எப்போதும் குறைத்தே வைத்திருப்பார். ஈரச் சுவரின் வாடையோடு வேறொன்றும் கலந்து வந்தது. சிகரெட்டும், அதை மறைக்க அவர் மெல்லும் ஏலக்காயும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக். சின்ன இடைவெளி. டக்.

பழைய டிஸ்க் என்று நினைத்தாள். சாகப்போகிற டிஸ்க் அப்படித்தான் தட்டும், அதனால்தானே புதிது வாங்கினாள். ஆனால் அது மேசை ஓரத்தில் ஒயர் பிடுங்கிய நிலையில் கிடந்தது. அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டக் டக் டக். டக்.

இந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் விரலை மடக்கி இப்படித்தான் தட்டுவார். மகள் பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் தட்டிக்கொண்டே இருப்பார். மகள் உள்ளே வந்ததும் தட்டல் நிற்கும். நின்றால், கை எழுந்துவிட்டது என்று அர்த்தம். மகளின் வலது காது பாதிதான் கேட்கும். எதிரே நின்று இடது கையால் அறைந்தால் அடி அங்கேதான் விழும். அவர் போன அன்று மகளைக் கட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "இனிமே இந்த வீட்ல யாரும் உன்மேல கை ஓங்க மாட்டாங்கடா. நான் இருக்கேன்."

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் அவள் இந்த ஒரு வருஷமும் வாழ்ந்தாள்.

டக் டக் டக். டக்.

ஜன்னலைப் பார்த்தாள். கொக்கி மாட்டியிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்தாள். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரையே அணைத்தாள். திரை கறுத்தது. அதில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

சத்தம் நிற்கவில்லை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

மெல்லக் கீழே பார்த்தாள்.

அவளுடைய இடது கை. மேசை மேல். விரல்கள் மடங்கியிருந்தன. மூன்று தட்டு. இடைவெளி. ஒன்று.

நிறுத்து என்று நினைத்தாள். நிற்கவில்லை. வலது கையால் அமுக்கினாள். அடியிலிருந்து தட்டியது.

வாசலில் சாவி திரும்பியது.

வராதே, கண்ணு. வராதே. ஓடு. நெஞ்சுக்குள் கத்தினாள். வாய் திறந்தது.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

குரல் அவளுடையது. கேட்டது அவள் இல்லை.

"மழைம்மா, பஸ்ஸே வரல…" சிரித்துக்கொண்டே அறை வாசலுக்கு வந்த மகள் அப்படியே நின்றாள். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

டக் டக் டக். டக்.

தட்டல் நின்றது.

பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. மகள் இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்ப்பா," என்றாள்.

அம்மா தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். பிடித்த கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அது மேசையை விட்டு எழுந்தது.