இடது கைக்கு மாறிய அம்மா

திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு பயங்கரம் நடந்தது. அம்மா இடது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இடது கைதான். மூக்கு நுனியில்கூட நுரை ஒட்டியிருந்தது.

"அம்மா, வலது கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே." வலது கையை ஆட்டிக் காட்டினாள்.

அதோடு விட்டாளா? இடது கையால் வெங்காயம் நறுக்கினாள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு. இடது கையால் எனக்குத் தலை வாரினாள். வகிடு நெற்றியில் தொடங்கிக் காதில் போய் முடிந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

"அப்பா, அம்மாவைப் பாருங்களேன்."

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. "போன தடவை உங்கம்மா வீடு முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சே நடந்தா, ஞாபகம் இருக்கா? அதுக்கு இது தேவலை," என்றார்.

நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டதற்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னாள். போன வாரம் கண்ணுக்குக் கீழே நீலமாக வீங்கியிருந்தபோது, கதவு இடித்துவிட்டது என்றாள்.

அம்மாவுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "எல்லா வேலையும்தான்," என்பாள். தரை துடைப்பது, துண்டு துவைப்பது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கூடத்தில்தான் சூறாவளி அக்கா பயிற்சி எடுக்கிறார். அவர் இதுவரை எந்தப் போட்டியிலும் தோற்றதில்லை. அவர் படம் ஒட்டாத சுவரே எங்கள் ஊரில் கிடையாது. என் பென்சில் பெட்டி மூடியிலும் அவர்தான்.

அன்று பள்ளி அரை நாள்தான். வீட்டுக்கு வந்தால், அம்மாவின் சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருந்தது. இடது கை ஞாபகத்தில் இதை மறந்துவிட்டாள் போல. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிறு கட்டிய மேடையில் சூறாவளி அக்கா எங்கள் அம்மாவின் முகத்தில் ஓங்கிக் குத்தினார்.

டப்பா கீழே விழுந்து உருண்டது.

"எங்கம்மாவை அடிக்காதீங்க," என்று கத்திக்கொண்டே கயிற்றுக்கு அடியில் புகுந்து, அக்காவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சூறாவளி அக்கா திகைத்துப் போய்க் குனிந்து பார்த்தார். "அம்மாவா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள், ஏற்கெனவே கிளம்பிவிட்ட அம்மாவின் இடது கை அவர் கன்னத்தில் வந்து இறங்கியது. ஊரே கொண்டாடும் சூறாவளி அக்கா, தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வாயை மூடவே முடியவில்லை.

"யார் இந்தப் பொண்ணு?" பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என் பொண்ணுதான் மாஸ்டர்," என்று அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

"கதவு இடிச்சிருச்சுன்னு சொன்னியே அம்மா?"

"இவதான் அந்தக் கதவு," என்று சூறாவளி அக்காவைக் கைகாட்டினாள். கதவு கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தது.

அப்புறம்தான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த போட்டியில இவளோட மோதப்போற பொண்ணு இடதுகைக்காரி. அவ எப்படி நிக்கிறா, எப்படி அடிக்கிறான்னு வீடியோவுல பார்த்து நான் கத்துக்குவேன். அப்புறம் அவளாவே மாறி இவளோட சண்டை போடுவேன். வீட்டுலயும் பழகினாத்தான் கைக்கு வரும்."

"குனிஞ்சு நடந்தது?"

"அது போன போட்டிக்கு. அந்தப் பொண்ணு குனிஞ்சு வந்துதான் அடிப்பா."

பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் அம்மாவை நிழலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது.

சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடினேன். அம்மா ஒன்றில்கூட இல்லை.

"நீ ஏம்மா போட்டிக்குப் போகலை?"

"ஒரு எடைப் பிரிவுக்கு ஒருத்தரைத்தான் இங்கேருந்து அனுப்புவாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே எடை. அவ என்னைவிடக் கொஞ்சம் வேகம். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடியெல்லாம் அம்மாவுக்கு, படமெல்லாம் அக்காவுக்கா?

அம்மாவுக்கு என் மூஞ்சி புரிந்துவிட்டது. "இதைப் போய் வெளியில தம்பட்டம் அடிக்காதே. யார்கிட்டயும் எங்கம்மா அப்படி, எங்கம்மா இப்படின்னு சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். பண்ணிய கையோடு, ஏன்தான் பண்ணினோமோ என்று இருந்தது.

போட்டி வந்தது. சூறாவளி அக்கா ஜெயித்தார். அந்த இடதுகைக்காரி வீசிய குத்தெல்லாம் காற்றில்தான் போனது.

மறுநாள் சாயங்காலம் பத்திரிகைக்காரர்கள் பயிற்சிக் கூடத்தில் கூடிவிட்டார்கள். நானும் அம்மாவோடு போயிருந்தேன். அக்காவுக்குப் பிடித்த நிறம் என்ன, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். அம்மா ஓரமாக நின்று, கையில் சுற்றும் துணிப்பட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

படம் எடுப்பவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. படத்துல விழறீங்க."

அம்மா துணிப்பட்டைகளோடு தள்ளி நின்றாள். எனக்கு மனசே ஆறவில்லை.

ஆனால் சத்தியம் சத்தியம்தானே. நன்றாக யோசித்துப் பார்த்தேன். அம்மாவைப் பற்றிச் சொல்லக் கூடாது, சரி. ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

கையைத் தூக்கினேன்.

"அக்கா, நீங்க யார்கிட்ட ரொம்ப அடி வாங்கியிருக்கீங்க?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாஸ்டருக்குப் புரையேறியது. ஒரு பத்திரிகைக்காரர், "பாப்பா, அவங்க தோத்ததே கிடையாது," என்று சிரித்தார்.

சூறாவளி அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேட்டதில்லை," என்றார். பிறகு எழுந்து நின்றார். "தினமும் வாங்கறேன். அதோ, துணி மடிச்சுக்கிட்டு இருக்காங்களே, அந்த அக்காகிட்ட."

எல்லாத் தலையும் திரும்பியது.

"நேத்து எனக்கு எதுவுமே புதுசா இல்லை. எல்லாக் குத்தும் இந்த அக்காகிட்ட ஏற்கெனவே வாங்கினதுதான். நான் ஒருத்தி மட்டும் அவங்க எடையில இல்லாம இருந்திருந்தா, இந்தச் சுவத்துல பாதிப் படம் அவங்களோடதுதான்."

படம் எடுப்பவரின் முகத்தைப் பார்க்கணுமே. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, கொஞ்சம் முன்னாடி வாங்களேன்," என்றார் மெல்ல.

எத்தனை குத்து விழுந்தாலும் கண் சிமிட்டாத எங்கள் அம்மா, துணிப்பட்டைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தச் சுவரில் அம்மாவும் சூறாவளி அக்காவும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் இருக்கிறது. பழக்கதோஷம், அம்மா அதில் இடதுகைக்காரி மாதிரியே நிற்கிறாள்.

அடுத்த எதிராளி நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பவராம். அதனால் இந்த வாரம் அம்மா அடுப்படியில் துள்ளிக்கொண்டிருக்கிறாள். நேற்று கீழ் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"மேலே என்னதான் நடக்குது?"

"மன்னிச்சுக்கோங்க மாமா," என்றேன். "எங்கம்மா வேலையில இருக்காங்க."