ஞாயிறு மாலைச் சரிபார்ப்பு

காய்ந்த துணிகளை மடிக்கும்போதுதான் அந்தச் சட்டை அவள் கைக்கு வந்தது. மஞ்சள் நிறம், மார்பில் ஒரு யானை, கழுத்தோரம் பால் கறை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அவ்வளவு சின்னப் பிள்ளை அந்த வீட்டில் யாரும் இல்லை.

குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பால்கனிக் கதவு வழியாக மாலை வெயில் பாதித் தரைவரை வந்திருந்தது. அவள் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சோப்புத் தூள் வாசனைக்கு அடியில், தூங்கி எழுந்த குழந்தையின் பிடரியில் இருக்குமே, ஒரு வியர்வை வாசனை, அது இருந்தது.

"என்னங்க, இது யாரு சட்டை?"

கணவர் ஏசி பழுது பார்ப்பவர். வாரம் முழுக்க ஏணியில் நிற்கிற மனிதர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை டீ நேரம்வரை சோபாவை விட்டு இறங்கமாட்டார். "மேல் வீட்டுல இருந்து பறந்து வந்திருக்கும். கேட்டா குடுத்துக்கலாம் விடு."

பறந்து வந்த சட்டைக்குக் கிளிப் போட்டது யார்? தோளில் போட்டால் துணி இழுத்துக்கொள்ளும் என்று அவள் எப்போதும் கீழ் ஓரத்தில்தான் கிளிப் போடுவாள். இதற்கும் கீழ் ஓரத்தில்தான் இரண்டு கிளிப்புகள் இருந்தன.

சரி, ஏதோ ஞாபகமறதி என்று விடுகிற ஆள் அவள் இல்லை. மறதிதான் அவளுக்கு எமன். போன வருடம் ஒரு நாள், நீ கூட்டி வருவாய் என்று கணவரும், அவர் கூட்டி வருவார் என்று அவளும் இருந்துவிட்டு, மகளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டார்கள். தெருவிளக்கு எரிந்த பிறகு அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடியபோது, வாட்ச்மேன் நாற்காலியில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பெரியவள். அழவில்லை, கோபப்படவில்லை. "மறந்துட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. செத்தாலும் இனி என் பிள்ளையை மறக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சபதம் எடுத்தாள்.

வாரப் பட்டியல் அப்படித்தான் பிறந்தது. அவள் மருந்துக் கிடங்கில் இருப்புச் சரிபார்ப்பவள். அங்கே ஒருவர் பட்டியலை வாசிப்பார். மற்றவர் பெட்டிமேல் கையை வைத்து "இருக்கு" என்பார். வேலை முடிந்த வரியை அடித்துவிட வேண்டும். அடிபடாத வரிகள் மட்டும் அடுத்த வாரத் தாளுக்குப் போகும். வரி இல்லாமல் பெட்டி மட்டும் நின்றால், பேச்சே கிடையாது, பின்வாசல் வழியாக வெளியே வைத்துவிடுவார்கள். "லிஸ்ட்ல இல்லாதது உலகத்துலயே இல்லம்மா" என்று மேனேஜர் தொந்தி குலுங்கச் சிரிப்பார்.

அந்த முறையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிறு மாலை டீ குடித்தபின் அவள் வாசிக்க, கணவர் எழுந்து போய்த் தொட்டு "இருக்கு" என்பார். கேஸ் சிலிண்டர். தண்ணீர் வடிகட்டி. பெரியவளின் ஷூ. ஒரே பக்கம், அதற்குமேல் போகக் கூடாது. தங்கை போனில் கேலி செய்தாள்: "அத்தானையும் எழுதி வச்சிருக்கியா அக்கா?" "எழுதாம? கடைசி வரி அவரோட முதுகுவலி மாத்திரைதான்டி. அது இந்த ஜென்மத்துல அடிபடாது." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீடு ஒழுங்குக்கு வந்தது. எதுவும் தவறவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பெரியவளே, இங்க வா. இது உன் பழைய சட்டையா?"

மகள் அறையிலிருந்து வந்தாள். எட்டு வயது, மெலிந்த கால்கள். சட்டையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டென்று மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பெரியவள். ஒரே ஒரு பிள்ளை. அதை ஏன் பெரியவள் என்று கூப்பிடுகிறோம்?

அப்போதுதான் தான் நிற்கிற விதத்தைக் கவனித்தாள். இடது இடுப்பைச் சாய்த்து, இடது கையை வளைத்து, எதையோ இடுக்கிக்கொண்டு நிற்பதுபோல நின்றிருந்தாள். துணி மடித்தபோதும் ஒற்றைக் கையால்தான் மடித்திருக்கிறாள். கையை நேராக்கினாள். கை வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை கனத்தது.

சமையலறையில் பழைய தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருந்தாள். போன வாரத் தாளை உருவினாள். நடுவில் ஒரு வரி. அவளுடைய கையெழுத்து.

சின்னவன்: நர்சரி சேர்க்கை.

டிக். குறுக்கே நேர்கோடு. தாள் முழுக்கத் தேடினாள். சின்னவனுக்கு வேறு வரி இல்லை. முந்தின வாரம் தடுப்பூசி இருந்தது, அது முடிந்து அடிபட்டிருந்தது. அதற்கு முந்தின வாரம் பல் டாக்டர். வேலை ஒவ்வொன்றாக முடிந்து, கடைசி வரியும் முடிந்து, இந்த வாரத் தாளில் அவன் இல்லை.

சின்னவன் யார்? முகத்தை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. தாளை அப்படியே போட்டுவிட்டு மகளின் அறைக்குப் போனாள்.

மகள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் தரையில் மண்டியிட்டாள்.

"சின்னவன்னா யாரும்மா? சொல்லு கண்ணு, அம்மா திட்டமாட்டேன்."

"தம்பி." குரல் காற்றாக வந்தது. "போன ஞாயித்துக்கிழமை நீ லிஸ்ட்ல கோடு போட்டே. அப்புறம் அவனைப் பார்த்து, யாரு இந்தப் பையன்னு அப்பாகிட்ட கேட்டே. பக்கத்து வீட்டுப் பையன்னு அப்பா சொன்னாரு. நீதாம்மா அவனை வெளிய கொண்டுபோய் விட்டே."

"நானா?"

"அவன் படியில உக்காந்திருந்தான். ராத்திரி பூரா அம்மா அம்மான்னு கூப்பிட்டான். காலைல பார்த்தேன். இல்லை."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்னையும் விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். மூன்றாவது மாடியின் படிக்கட்டில் ஈரச் சிமெண்ட் வாடையும், யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் வாசனையும், கீழே எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தமும் இருந்தன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள், ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கூடுதலாக இருட்டு. "சின்னவனே" என்றாள். தனக்குத் தெரியாத பிள்ளையைப் பெற்றவளின் குரலில் கூப்பிட்டாள். பதில் இல்லை. முகமே தெரியாதவனை எந்த மாடியில் போய்த் தேடுவது? ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு தரைத்தளம்வரை போய்த் திரும்பி வந்தாள். மூச்சு இரைத்தது. ஒருத்தியாவது மிச்சம் இருக்கிறாள், அவளையாவது காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு ஒன்றே ஓடியது.

உள்ளே வந்தபோது கணவர் எழுந்திருந்தார். கையில் தாள், காதில் பேனா. மனைவிக்கு ஒத்தாசை செய்த பெருமை முகத்தில் வழிந்தது.

"நீ எங்கயோ போயிட்டே, சரி நானே முடிச்சிடுவோம்னு பார்த்தேன். ஸ்கூல் லீவு விட்டாச்சு. பேக் தைச்சு வந்தாச்சு, ஷூ வாங்கியாச்சு. அந்த வரியெல்லாம் அடிச்சுட்டேன். பாரு, தாள் எவ்வளவு சுத்தமா இருக்கு."

"எல்லாத்தையுமா?" அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "பெரியவளோடது ஒண்ணுகூட விடலையா?"

"எவளோடது?"

அறை வாசலில் மகள் வந்து நின்றாள். கணவர் திரும்பிப் பார்த்தார். விருந்தாளிப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"அட, யாரும்மா இந்தப் பொண்ணு?"

அவள் தாளைப் பிடுங்கினாள். பேனாவைப் பிடுங்கினாள். பிள்ளைக்கு வைத்த பெயரை எழுதப் போனாள். பெயர் வரவில்லை. தேடித் தேடி வைத்த பெயர், பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற பெயர், நாக்கு நுனிவரை வந்து உதிர்ந்தது. பெரியவள் என்று எழுதினாள். கொட்டை எழுத்தில், தாள் கிழியும்படி எழுதினாள்.

"வாசிக்கிறேன். கை வச்சு இருக்குன்னு சொல்லுங்க. பெரியவள்!"

"என்னாச்சு உனக்கு?"

"உங்க காலைப் பிடிக்கிறேன். சொல்லுங்க!"

அவர் தயங்கினார். பிறகு நல்ல மனிதர்தானே, போய்ப் பிள்ளையின் தலையில் கையை வைத்தார். தடவிக்கூடக் கொடுத்தார். "நல்ல பொண்ணு. ஆனா நம்ம வீட்டுது இல்லையே. இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?"

மகள் அவர் கைக்கு அடியில் அசையாமல் நின்று, அம்மாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடக் கூடாது. கையை விட்டால்தானே மறக்கும்? வெளியே டீ கோப்பையைக் கழுவும் சத்தம். ஜன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டு வந்தது.

"என்னை மறந்துடாதம்மா."

"மாட்டேன் செல்லம். உன்னைப் போய் மறப்பேனா?"

"நான் பொறந்தப்ப எப்படி இருந்தேன், சொல்லு."

"மழை. ஒரே மழை அன்னைக்கு. உன் தலையில அவ்வளவு முடி. நர்ஸ் சிரிச்சா. அப்புறம்…"

அப்புறம்?

மழை இருந்தது. ஆஸ்பத்திரியின் டெட்டால் வாசனை இருந்தது. நர்ஸ் எதையோ துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். துணிக்குள் பார்த்தாள். துணி மட்டும் இருந்தது.

"சொல்லும்மா."

பிடி. விடாதே. இது என் பிள்ளை. என் பிள்ளை. உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல வார்த்தை தேய்ந்தது. என் பிள்ளை. என். பிள்ளை. ஒரு பிள்ளை.

மணிக்கட்டில் நாடி துடித்தது. சின்ன நாடி. வேகமான நாடி. எதையோ பிடித்திருக்கிறோம். எதற்கு? பயந்துகொண்டிருந்தோம். எதற்கு?

பயம் போய்விட்டது.

அறையில் விளக்குப் போடாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று வியந்தபடி எழுந்து ஸ்விட்சைத் தட்டினாள். கட்டிலில் ஒரு சிறுமி. முகம் முழுக்கக் கண்ணீர். பாவமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, அழ அழ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சில தாய்மார்களுக்கு மனசே கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரு பாப்பா நீ? ஏன் அழறே?"

சிறுமி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அந்தக் கைகளைப் பொறுமையாக விலக்கிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். கணவர் சோபாவிலிருந்தே, "ஒரு பிஸ்கட் குடுத்து அனுப்பும்மா" என்றார். கொடுத்தாள். சிறுமி வாங்கவில்லை.

"இருட்டப் போகுது. உங்க அம்மா தேடிட்டிருப்பாங்க, போ."

"நீதாம்மா எங்கம்மா."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. இந்தப் படியில உக்காரு. உங்க அம்மா வந்துடுவாங்க."

கதவைச் சாத்தப் போனாள். சாத்த முடியவில்லை. இடுக்கில் நான்கு விரல்கள், நுனி வெளுக்கும் அளவுக்கு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைக்கு அடிபட்டுவிடுமே என்று பதறினாள். கதவை அழுத்தாமல் நிறுத்திக்கொண்டு, குனிந்து, கொஞ்சமும் வலிக்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து வெளியே விட்டாள்.