மூடிக்கடியில் வழவழப்பு

விடிந்ததும் லஸ்ஹர் பால் கேனைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். பசுவைக் கறந்தார். பாலை ஊற்றி மூடியை அழுத்தினார். மகள் ஷைமா கழுதையை அவிழ்த்தாள். கேனை அதன்மேல் ஏற்றி இருவரும் நடந்தார்கள். ஷைமாவின் அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

பால் நிலையத்தில் கொள்முதல் பார்க்கும் ஸி ஹம்மாதி கொஞ்சம் பாலை எடுத்து, சோதனை மருந்தை விட்டு ஆட்டினார். பால் துணுக்குத் துணுக்காகத் திரிந்தது.

"இன்னிக்கும் போச்சு, லஸ்ஹர். இன்னொரு தடவை திரிஞ்சா இந்தப் பக்கம் வராதே."

லஸ்ஹர் பாலை வாய்க்காலில் கொட்டினார்.

"வியாழக்கிழமை பாஜா சந்தையில பசுவை வித்துடறேன்" என்றார்.

ஷைமாவின் அம்மா கன்றாக வாங்கி வளர்த்த பசு அது.

அன்று வீட்டுக்கு மஹ்பூபா அத்தை வந்தாள். "கண்ணு பட்டிருக்கு!" என்று திருஷ்டி கழியப் பசுவின் கழுத்தில் காய்ந்த மீன்வாலைக் கட்டிவிட்டாள். அப்போதிலிருந்து மூன்று பூனைகள் பசுவை விட்டு அகலவில்லை.

"கண்ணு பட்டா பால் கெடுமா அத்தை?"

"பின்ன? உன் கணக்கு வாத்தியாரா வந்து கெடுத்தாரு?"

மறுநாள் லஸ்ஹர் பாலைக் கறந்து கேனில் ஊற்றினார், ஆனால் நிலையத்துக்குப் போகவில்லை. ஷைமா இரண்டு தம்ளர்களை வெந்நீரில் கழுவினாள். ஒன்றில் மடியிலிருந்து நேராகக் கறந்தாள். இன்னொன்றில் கேனிலிருந்து ஊற்றினாள்.

மதியம் கேன் பால் புளித்து நாறியது. மற்றது நன்றாகவே இருந்தது.

அவள் கேனை மோந்து பார்த்தாள். மூடியின் ரப்பர் வளையத்துக்கடியில் நகத்தை விட்டாள். வெண்டைக்காய்போல வழவழவென்று மஞ்சளாக ஏதோ வந்தது.

"அப்பா, பசுமேல தப்பில்ல. இந்த வளையம்தான்."

"அது உங்கம்மா மாட்டினது. கழட்டாதே." லஸ்ஹர் வெளியே போய்விட்டார்.

ஷைமா மூடியோடு நிலையத்துக்கு ஓடினாள். ஸி ஹம்மாதி தடவிப் பார்த்தார்.

"கிருமிங்க ஒண்ணா ஒட்டிக்கிட்டு மேல கூரை போட்டுக்கும். தண்ணி ஊத்தினா அசையாது. நல்லாத் தேய்ச்சுக் கிழிக்கணும். இதுல விரிசல் வேற. பிரஷ் உள்ள போகாது."

"புது வளையம் இருக்கா?"

"பெட்டி நிறைய இருக்கு. யாரு கேட்டீங்க?"

அன்று மாலை ஷைமா கேனையும் மூடியையும் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் தோள் வலிக்கத் தேய்த்தாள். கேனைக் கவிழ்த்துக் காயவைத்தாள். மூடியில் புது வளையத்தை மாட்டினாள்; பழையதை எறியவில்லை.

காலையில் புது வளையத்தைப் பார்த்ததும் லஸ்ஹரின் கை நின்றது. பிறகு பாலை ஊற்றினார்.

நிலையத்தில் ஸி ஹம்மாதி மருந்தை விட்டு ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். பால் திரியவில்லை.

"ஊத்து" என்றார்.

லஸ்ஹர் ஊற்றினார். திரும்பும் வழியில் அவர் சந்தையைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷைமா பழைய வளையத்தை நீட்டினாள். கொதிக்க வைத்துத் துடைத்திருந்தாள். லஸ்ஹர் அதை வாங்கி, விரிசலை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு அவர் பார்வை மெல்லக் கேன் பக்கம் போனது.

ஷைமா கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுல மட்டும் வேணாம்ப்பா. வேற எங்க வேணும்னாலும் வச்சுக்குங்க."