எழுப்பப்படாத மதன்

2024 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்து மழையால் பாதியில் நின்றது.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து, மதன் சாம்பலாகி விழும் இடம் வரை ஆடியிருந்தார்கள். மதன் வேஷம் கட்டிய கஜேந்திரன் காமனுக்கு நட்ட கம்பத்தடியில் வெள்ளைத்துணி மூடிக் கிடந்தபோது மழை இறங்கியது. தப்புப் பறைகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எல்லோரும் லயத்து வீடுகளுக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் ரதி ஒப்பாரி வைத்து மதனை எழுப்ப வேண்டும். ஆனால் மறுநாள் மகள் வீட்டுக்குப் போன கூத்து வாத்தியார் கந்தப்பன் மண்சரிவால் திரும்ப முடியவில்லை. ரதி வேஷக்காரன் தனுஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் அப்படியே கடந்தது.

கஜேந்திரனின் மனைவி சுதர்ஷினிக்கு அந்த இரவே ஒன்று உறுத்தியது. அவ்வளவு மழையில் நடந்து வந்தவனின் தலைமுடி காய்ந்திருந்தது.

அவன் சாப்பிட்டான், வேலைக்குப் போனான், லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களோடு சிரித்துப் பேசினான். அவளால்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றால் உள்ளேயிருந்து நனைந்த சாம்பல் மணம் வந்து தோளில் உட்காரும். திரும்பி உள்ளே போனால், தகரக்கூரையில் மழை ஓய்ந்த பிறகும் சிமெந்துத் தரைக்கு அடியில் ஏதோ சொட்டிக்கொண்டிருப்பதும், அந்தச் சொட்டுக்கு இசைவாக அவன் தலையை லேசாக ஆட்டுவதும் தெரியும்.

ஒருநாள் பின்னேரம், பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றபோது, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் கேட்காமலே பேசினான்.

"கீழேயும் தோட்டந்தான். ஆனா வானமில்ல, தலைக்கு மேல மண்ணு. தேயிலை வேரெல்லாம் அதுலருந்து தொங்கும். அதத்தான் கிள்ளிக் கூடையில போடணும்."

"யாரு கிள்ளுறது?"

"போனவங்க எல்லாரும். கூடை ரொம்பாது. ஒரு கங்காணி இருக்காரு, அவருக்குக் கண்ணு கெடையாது, வாய் மட்டுந்தான். தெனம் வந்து ஒரு பேரு கேப்பாரு. அம்மா பேரு, அப்பா பேரு, கூட்டாளி பேரு. சொல்லாம இருக்க முடியாது. சொன்னா அவங்கள நமக்கு மறந்துரும். பொண்டாட்டி பேரத்தான் கடைசி வரைக்கும் வச்சிருப்பாங்க. அதுவும் போயிருச்சின்னா, அப்புறம் எழுப்புறதுக்கு அங்க ஆளு இல்ல."

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். எப்போது அங்கே போனதென்று கேட்டாள். அவன் சற்று யோசித்தான்.

"இந்த மலை காடா இருந்தப்ப."

கஜேந்திரனுக்கு முப்பத்தாறு வயது.

பாதை திறந்த அன்றே கந்தப்பனின் காம்பராவுக்கு ஓடினாள். வீட்டில் இருப்பது வேறு யாரோ என்றாள். தன் புருஷன் இன்னும் கீழே கிடக்கிறான், பேர் தீர்வதற்குள் எழுப்ப வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பயந்துட்டீங்க தங்கச்சி. எழுப்பாம விட்டது நம்ம தப்புத்தான். செஞ்சிருவோம், எல்லாம் சரியாயிரும்."

ரதி வேஷம் பெண்கள் கட்டுவதில்லை. தான் கட்டுவதாகச் சொன்னாள். கட்டின புருஷனைக் கூப்பிட யாரிடம் கேட்க வேண்டும் என்று முனகிவிட்டு அவர் சம்மதித்தார்.

சனிக்கிழமை அந்தி. கூத்துப் பொட்டலில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. வீட்டிலிருந்து வந்தவன் கம்பத்தடியில் படுத்தான். வெள்ளைத்துணியை அவனே இழுத்து மூடிக்கொண்டான். ரதி அழைத்து மதன் பதில் சொன்னதும் கம்பத்தைப் பிடுங்கிக் குழியை மூட வேண்டும். அதுதான் முறை.

ஒப்பாரியைப் பாடி முடித்தாள். தப்பு அடங்கியது. துணியைப் பார்க்காமல், கம்பம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க. எந்திரிச்சு வாங்க."

மண்ணுக்குள்ளிருந்து, மெதுவாக, கஜேந்திரனின் குரல்.

"சுதா. ஒன் பேரு மட்டுந்தான் பாக்கி."

துணிக்குள்ளிருந்து அதே குரல். உரக்க.

"வந்துட்டேன்."

கந்தப்பனுக்குக் கேட்டது இரண்டாவது மட்டும். கையை உயர்த்தினார். தப்பு முழங்கியது. கம்பத்தைப் பிடுங்கினார்கள்.

அவள் குழியோரத்தில் விழுந்தாள். தோள்வரை கையை விட்டாள். சேறு. வேர். பிறகு விரல்கள். சில்லென்று, இறுக்கமாக. மேலே இழுத்தாள். வந்தன. மணிக்கட்டு வரை வந்தன.

உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னாள். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"இவ மேல ரதி எறங்கிட்டா," என்றாள் பின்னால் நின்ற பக்கத்துக் காம்பராப் பூரணம். "புடிங்க, கைய எடுத்து விடுங்க."

நான்கைந்து பெண்கள். இடுப்பில். தோளில். திருநீறு கண்ணில் விழுந்தது. விரல்கள் வழுக்கின. ஒவ்வொன்றாக.

துணியை உதறி எழுந்தவன் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினான்.

குழி மூடப்பட்டது. மிதித்துச் சமன் செய்தார்கள். கந்தப்பன் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். திங்கட்கிழமை காலை கஜேந்திரனும் சுதர்ஷினியும் வேலைக்குப் போனார்கள்.