பின்சீட்டில் ஆள் இருந்தால்

பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு முதல் திருப்பத்தைத் தாண்டும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால், பின்சீட்டின் இடது மூலையில் எங்கோ தொடங்கி, தரைத்தகடு வழியாக ஊர்ந்து, அவள் இருக்கையில் ஏறி இடுப்பு வரை வந்து நின்ற ஒரு மெல்லிய அதிர்வு. வேகத்தைக் கூட்டினால் கூடவில்லை, குறைத்தால் குறையவில்லை. சிக்னலில் நின்றபோது எஞ்சின் சத்தம் அடங்கிப் பக்கத்து வண்டியின் பாட்டுகூடக் கேட்டது. அப்போதும் அது ஓயாமல், ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், எலும்பு முறிந்து தேறி வருகிறவர்கள் வீடுகளுக்குப் போய்க் கைகால்களைப் பிடித்து மடக்கி நீட்டிப் பழக்குகிற வேலை. அதற்கு இந்தக் கிழட்டு வண்டி வேண்டும். பின்பக்கத் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரிகிற நிலைக்கு வந்த பிறகுதான் பட்டறையில் விட்டாள். எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடும் அந்த மெக்கானிக், காயலான் கடையில் கிடந்த வேறொரு வண்டியின் தரையை வெட்டி எடுத்து வந்து பற்றவைத்து, எலி கடித்த பழைய பின்சீட்டையும் தூக்கிப்போட்டுவிட்டு அந்த வண்டியின் சீட்டையே பொருத்திக் கொடுத்திருந்தார். பார்க்கப் புதுசாகத்தான் இருந்தது.

மறுபடி பட்டறைக்குப் போனபோது சுருட்டை சிரித்தார். “பேஷண்டுக்கு நாடி பாக்கற மாதிரி வண்டிக்குப் பாக்காதீங்க மேடம். பழைய வண்டி, கொஞ்சம் முனகத்தான் செய்யும்.” ஆனாலும் டயர்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார். அடுத்த முறை எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார். அதற்கடுத்த முறை தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆமா, இருக்கு” என்றார். “எங்கேர்ந்து வருதுன்னுதான் பிடிபடல.”

அவளுக்கு அது பிடிபடத் தொடங்கியிருந்தது. ஆனால் வெளியே சொல்ல நாக்கு வரவில்லை. இயந்திரம் ஆடுவது வேறு, உடம்பு நடுங்குவது வேறு. இந்த வித்தியாசம் அவள் கைகளுக்குத் தெரியும். நனைந்து வந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவாரே, அதைப் போலத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. முன்சீட்டில் கால் நீட்ட முடியவில்லை என்று அவர் பின்னால் ஏறி, இடது ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. துளி அதிர்வு இல்லை.

“என்னமோ நடுங்குது நடுங்குதுன்னு அலையறே, நல்லாத்தானே போவுது?”

“நீங்க ஏறினதும் நின்னுடுச்சு அத்தை.”

“பாத்தியா? இந்த வீட்ல எனக்கு அடங்கறது இது ஒண்ணுதான்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் திரும்பி வரும் வழியில் மாமியார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது, “ஏசியக் கொஞ்சம் கொறைச்சிருக்கக் கூடாதாம்மா?” என்றார்.

அந்த வண்டியில் ஏசி வேலை செய்து வருஷக்கணக்காகிறது.

அன்று சாயங்காலமே அவருக்கு நடுக்கம் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் சட்டம் கடகடத்தது. காய்ச்சல் பார்த்தால் ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாமியாரின் தோளில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் திணறினாள். அதே நடுக்கம். அதே சீர்.

“கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா” என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமல். “மேல மேல சாயுது.”

“யாரு அத்தை?”

கதவருகே நின்றிருந்த கணவன், “தூக்கத்துல ஏதோ பேசறாங்க, விடு” என்றான். அவன் குரலிலும் தெம்பு இல்லை.

மறுநாள் சுருட்டையிடம் நடந்ததைச் சொன்னாள். மாமியாரின் நடுக்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சுருட்டைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கனம் ஏறினா நிக்குதா? அப்ப ஸ்பிரிங்லதான் கோளாறு, புடிச்சுட்டேன்!” பழைய பேட்டரிகளையும் மணல் மூட்டைகளையும் இடது பின்சீட்டில் அடுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. இறக்கிவிட்டு, “நானே உக்காந்து பாக்கறேன், நீங்க ஓட்டுங்க” என்று அவர் பின்னால் ஏறினார்.

நின்றுவிட்டது.

“நின்னுடுச்சு பாருங்கண்ணே!” என்றாள். கண்ணாடியில் பார்த்தாள். சுருட்டை ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்களைச் சேர்த்து, தோளைக் குறுக்கிக்கொண்டு. நெரிசலான பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு உட்காருகிற மாதிரி.

“நிறுத்துங்க மேடம்.”

“இன்னும் கொஞ்ச தூரம்...”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!”

வண்டி முழுசாக நிற்பதற்குள் இறங்கிவிட்டார். இடது கையைப் பேண்ட்டில் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்தச் சீட்டு எந்த வண்டியோடதுண்ணே?”

“கடையில குவிஞ்சு கெடந்தது. எந்த வண்டின்னு யாரு கேட்டா?” அவர் அவளைப் பார்க்கவில்லை. “இப்பவே விட்டுட்டுப் போங்க. நான் வெட்டி எடுத்துடறேன்.”

“ஒரு பேஷண்ட் காத்திருக்காங்க. முடிச்சுட்டு நேரா வந்துடறேன்.”

“யாரையும் பின்னால ஏத்தாதீங்க மேடம்.” சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தே போனார்.

அவள் வேலையை முடித்து வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் வானம் கவிழ்ந்து எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. பட்டறைக்குக் குறுக்கு வழியாக, கிடங்குகளின் நீண்ட சுவர் ஓரமாகப் போகும் சாலையில் திரும்பினாள். துடைப்பான் கண்ணாடியை இழுத்து இழுத்துத் தேய்த்தது. ஈரத் துணியும் துருவும் கலந்த ஒரு வாடை பின்னாலிருந்து வந்தது. அதிர்வு முதுகைத் தொட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் எரிச்சலூட்டிய அந்த நடுக்கம் இன்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நடுங்கட்டும். நடுங்குகிற வரைக்கும் அங்கே யாரும் உட்காரவில்லை.

சுவரின் பாதியைத் தாண்டியபோது அது நின்றது.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

அவள் மூச்சு விடவில்லை. பள்ளமாக இருக்கும், நல்ல ரோடாக இருக்கும், ஏதாவதாக இருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணாடியைப் பார்க்காதே. பின்னால் ஸ்பிரிங் மெதுவாக முனகியது, உட்கார்ந்த ஆள் வசதியாகச் சாய்ந்துகொள்வது மாதிரி. பார்க்காதே. பிடரியில் ஒரு குளிர் பட்டது. பட்டு, விலகியது. மறுபடி பட்டது.

மூச்சு.

பிரேக்கை எப்படி மிதித்தாள், சாவியை எப்படித் திருகி உருவினாள், அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்த வழியே மழையில் ஓடினாள். சுவரில் தோள் இடித்த பிறகுதான் திரும்பினாள்.

கதவு திறந்திருந்ததால் வண்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்சீட்டு காலி. தெளிவாகத் தெரிந்தது. சீட்டின் தையல்கூடத் தெரிந்தது. யாருமே இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்புறம் டயரைப் பார்த்தாள்.

வண்டியின் இடது பின்மூலை தாழ்ந்திருந்தது. சக்கரம் பாதி உள்ளே போகிற அளவுக்கு அமுங்கியிருந்தது. ஒரு பெரிய கனம் அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலை மெதுவாக உயர்ந்தது. வண்டி சமமாகி நின்றது. ஒரு நொடி. பிறகு முன்பக்கம் தாழ்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

திறந்திருந்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை, நிதானமாக இழுத்துச் சாத்திக்கொண்டது.

உள்விளக்கு அணைந்தது. சாவி அவள் கைக்குள் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே எஞ்சின் உறுமிப் பிடித்தது. பிரேக் விளக்குகள் எரிந்து, நனைந்த ரோடு முழுக்கச் சிவந்தது.

ஓட வேண்டும். கால்கள் வரவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, பற்கள் கிட்டி, ஒரே சீராக.

வண்டி பின்னோக்கி நகர்ந்தது. மெதுவாக, அவள் நின்ற இடம் வரைக்கும் வந்து, அவளுக்கு நேராக நின்றது.

இடது பின்கதவு திறந்தது.