ஏழில் ஒரு கோடு குறைகிறது!

"ஆ...!"

வடவொளித் தொலைக்காட்சி நிலையத்தின் மூன்று கதவுகளையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்த அலறல்.

அலறியவள் ஒப்பனைக்காரி. அலற வைத்தவன் ஆர்வோ லெஹ்தோ... பேசுகிறவரின் பெயரையும் எண்ணையும் திரையின் அடியில் பொறிக்கும் பணியாளன்.

விவாத மேடைக்குப் பின்புறம், விளக்குக் கம்பியிலிருந்து, கறுப்பு மைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தான்!

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பின்லாந்து முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல். கிழக்கே, ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் ஹௌகிலம்பி நகரில் மணி ஒன்று இருபது. வாக்குச்சாவடி மூட ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் மிர்யா ஹோல்மா பூட்ஸ் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தாள். பின்னால் கான்ஸ்டபிள் ஓஸ்மோ.

நிலைய இயக்குநர் தன்ஸ்கானென் கைகளைப் பிசைந்தபடி எதிரே ஓடி வந்தார்.

"தற்கொலைங்க இன்ஸ்பெக்டர். பாவம், அவமானம் தாங்கலை."

"என்ன அவமானம்?"

"நேத்து சாயங்காலம் கடைசி விவாதம். ஹெல்வி சாரினெனோட நம்பர் நூத்தி நாப்பத்தேழு. இவன் நூத்தி நாப்பத்தொண்ணுன்னு போட்டுட்டான். ஒன்றரை மணி நேரம்! இன்னிக்குக் காலைல மறுஒளிபரப்பு... அதுலயும் அதே!"

மிர்யா குறிப்பேட்டில் இரண்டு எண்களையும் எழுதினாள்.

இந்த நாட்டு வாக்குச்சீட்டில் பெயர் இல்லை, படம் இல்லை, சின்னம் இல்லை. வெறும் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் வாக்காளன் தன் கையால் ஓர் எண்ணை எழுத வேண்டும். எண் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது!

ஹெல்வி சாரினென் யார்? பிரசவம் பார்க்கும் செவிலி. ஹௌகிலம்பியில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்து வந்தவள். மிர்யாவின் மகள்கள் இருவரையும்கூட! கோடைக்குள் ஊரின் பிரசவ வார்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் இடுப்பு வலி கண்ட பெண், பனிச் சாலையில் நூற்றுப்பத்து கிலோமீட்டர் போக வேண்டும். அந்தப் பூட்டைத் தடுக்க ஒருத்தி தேர்தலில் நின்றாள் என்றால், அது ஹெல்விதான்.

"நூத்தி நாப்பத்தொண்ணு யாரு?"

"கௌகோ நிவாலா. அதே கட்சிதாங்க! அதனால கட்சிக்கு ஒரு ஓட்டுகூட நஷ்டமில்ல" என்று ஆறுதல் சொன்னார் தன்ஸ்கானென்.

"கட்சிக்கு இல்ல. ஆனா கட்சிக்கு இந்தத் தொகுதியில ஒரே ஒரு சீட்டுதான் தேறும். பட்டியல்ல யாருக்கு ஓட்டு அதிகமோ, அந்த ஆளுக்குத்தான் சீட்டு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்..."

"தெரிஞ்சா உடனே திருத்தம் போடுங்க!"

இயக்குநர் நிமிர்ந்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"முடியாதுங்க. வாக்குப்பதிவு நாள்ல ஒரு வேட்பாளரைத் தனியா எடுத்துச் சொல்றது எங்க நடுநிலைக்கு விரோதம்."

"நேத்து தப்பாச் சொன்னீங்களே, அது மட்டும் நடுநிலையா?"

"நாங்க யார் கையையும் பிடிச்சு எழுத வைக்கறதில்லைங்க. டி.வி. வெறும் கண்ணாடி. எதிர்ல இருக்கறதைக் காட்டும், அவ்வளவுதான்."

மிர்யா அவர் தலைக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். விளம்பரதாரர்களுக்காக மாட்டிய பெரிய பலகை.

'எங்கள் திரையில் உங்களுக்கு ஒரு நிமிடம்... உங்கள் பெட்டியில் ஆயிரம் வாக்குகள்!'

"கண்ணாடி நல்லா பேசுது சார்!" என்றாள்.

ஓஸ்மோ தொண்டையைச் செருமிக்கொண்டு சிரிப்பை விழுங்கினான்.

மிர்யா ஆர்வோவின் மேசைக்குப் போனாள். கணினி விழித்திருந்தது. திரையில் ஒரு வரி தயாராகக் காத்திருந்தது.

'திருத்தம்: ஹெல்வி சாரினென் - 147.'

தட்டச்சு செய்த நேரம், பதினொன்று ஐம்பத்திரண்டு. ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி... ஒளிபரப்பாகிவிடும்!

"ஓஸ்மோ, அவமானத்துல சாகறவன் திருத்தத்தை அடிச்சு வச்சுட்டு, பொத்தானை அமுக்காம போய்த் தொங்குவானா?"

"மாட்டான் பாஸ். அமுக்கிட்டுத்தான் தொங்குவான்."

"அப்ப யாரோ அமுக்க விடல."

அவள் கை பொத்தானை நோக்கி நீண்டது.

தன்ஸ்கானென் பாய்ந்து வந்து விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார்!

"தொடாதீங்க! போலீஸ் ஒரு வேட்பாளருக்குப் பிரசாரம் பண்ணுச்சுன்னு ஹெல்சிங்கி வரைக்கும் நாறிடும்!"

மிர்யா தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். தேர்தல் அலுவலகத்துக்குச் செய்தாள். சாவடி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டக் கூடாதா என்று கெஞ்சினாள். எல்லாச் சாவடியிலும் சரியான பட்டியல் தொங்குகிறதே என்றார்கள். பட்டியலைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர், நேற்று பார்த்த எண்ணை உதட்டில் முணுமுணுத்துக்கொண்டே போய் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். அது தங்கள் துறை இல்லை என்றார்கள்.

மக்களாட்சியின் மாளிகைக்கு ஆயிரம் காவலர்கள்! ஆனால் திருடன் நுழைந்த கதவுக்கு மட்டும் ஒருவரும் பொறுப்பில்லை!

"பாஸ், இதைப் பாருங்க."

ஆர்வோவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஓஸ்மோ ஒரு துண்டுச் சீட்டை உருவினான். கட்சிகள் தங்கள் வேட்பாளரின் பெயரையும் எண்ணையும் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிலையத்தின் வழக்கம். பிழை வந்தால் பழி கட்சிக்கு!

ஹெல்வி சாரினென். பிறகு ஒன்று. நான்கு. பிறகு...

"இதுவும் ஒண்ணுதானே?" என்றான் ஓஸ்மோ.

"நல்லாப் பாரு. மூக்கு கொஞ்சம் நீளம்."

"ஆமா... ஏழு மாதிரியும் இருக்கு. ஆனா ஏழுன்னா நடுவுல கோடு இருக்கணுமே?"

"உங்க பள்ளிக்கூடத்துல கோடு போடாம ஏழு எழுதினா என்ன ஆகும்?"

"டீச்சர் சிவப்பு மையில சுழிச்சு, நூறு தடவை எழுத வைப்பாங்க."

"சாவடித் தட்டியில ஒட்டியிருக்கற மாதிரி எண்கள்லகூட ஏழுக்கு இடுப்புல கோடு உண்டு. இந்த நாட்டுல பல்லு முளைச்ச புள்ளையிலருந்து பல்லு போன கிழவன் வரைக்கும் கோடு இல்லாம ஏழு எழுத மாட்டான் ஓஸ்மோ. எழுதினான்னா, அது ஒண்ணுன்னு படிக்கணும்னுதான் எழுதியிருக்கான்!"

"மாட்டிக்கிட்டா, 'ஏழுதாங்க, அவசரத்துல கோடு விட்டுப்போச்சு'ன்னு சொல்லிக்கலாம்..."

"அதேதான். சீட்டை யார் கொண்டு வந்து கொடுத்தது?"

தன்ஸ்கானென் உதட்டைப் பிதுக்கினார். "கூட்டத்துல யாரோ. கட்சிக் கூடாரத்துலருந்து வந்துச்சு."

சந்தைச் சதுக்கம். மணி ஐந்து.

வரிசையாகக் கட்சிக் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் காபி ஆவி. ஹெல்வியின் கூடாரத்தில் பெரிய அண்டா நிறையப் பட்டாணி சூப்.

அகப்பை பிடித்திருந்தவன் கௌகோ நிவாலா. தடித்த கம்பளிக் கையுறை. எப்போதும் இளிக்கும் முகம்.

ஹெல்வி மிர்யாவைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மிர்யா, காலையிலருந்து இதே கதை. ஒரு பொண்ணு, அவளுக்கு மூணு பிரசவம் நான்தான் பாத்தேன், ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கறா. 'அக்கா, உங்களுக்குத்தான்! நூத்தி நாப்பத்தொண்ணு போட்டுட்டேன்!'ங்கறா. நான் அழறதா, நன்றி சொல்றதா?"

"என்ன சொன்னீங்க?"

"சூப் குடிச்சுட்டுப் போம்மான்னேன்."

"கவலைப்படாத ஹெல்வி" என்று அகப்பையை ஆட்டினான் நிவாலா. "உனக்கு விழுந்தா என்ன, எனக்கு விழுந்தா என்ன? எல்லாம் ஒரே சட்டிதானே!"

மிர்யா அவனிடம் திரும்பினாள்.

"நீங்க ஒரு உதவி செய்யணும் கௌகோ. திருத்தம் போட டி.வி.க்காரங்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா பழைய சீட்டைத் தொலைச்சுட்டாங்களாம். புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்க."

நிவாலாவின் இளிப்பு ஒரு நொடி உறைந்து, மறுபடி இளகியது.

"அதுக்கென்ன, கொடுங்க."

கையுறையோடு பேனாவைப் பிடித்தான். வழுக்கியது. மறுபடி பிடித்தான். விழுந்தது.

"கழட்டிட்டுத்தான் எழுதுங்களேன்."

"குளுருதுங்க..."

"சூடா அண்டா பக்கத்துல நிக்கறீங்க. உங்களுக்கா குளிரு? ஓஸ்மோ, கொஞ்சம் உதவி பண்ணு."

ஓஸ்மோ உருவினான்.

வலது உள்ளங்கை... குறுக்கே, கருநீலத்தில், ஆழமான ஒரு தடம்.

"இடது கையும் காட்டுங்க."

அதே அகலம். அதே தடம்!

"மைக் கேபிள்" என்றாள் மிர்யா. "ஒரு மனுஷன் திமிறத் திமிற அழுத்திப் பிடிச்சா இப்படித்தான் பதியும். அதைத்தான் பாக்கணும்னு நினைச்சேன். உங்க கையெழுத்து எனக்கு வேண்டாம் கௌகோ. சீட்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு."

அகப்பை சூப்புக்குள் மூழ்கியது.

ஹெல்வி பின்வாங்கி, கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கௌகோ... நீயா?"

"பதினாறு வருஷம்!" நிவாலா வெடித்தான். "பதினாறு வருஷமா இந்தச் சதுக்கத்துல சூப் ஊத்தறேன். குடிச்சவன் ஒருத்தனாவது என் பேரைக் கேட்டானா? இவ ஒரே ஒரு நாள் டி.வி.ல வந்தா, ஊரே ஹெல்வி ஹெல்விங்குது! ஆர்வோ மத்தியானம் போன் பண்ணினான். அது ஏழுன்னு இப்பத்தான் புரியுது, திருத்தப் போறேன்னான். எட்டு மணி வரைக்கும் சும்மா இருடான்னு நேர்லயே போய்க் கெஞ்சினேன்... கேக்கலை!"

கிளிக்! ஓஸ்மோவின் விலங்கு பூட்டிக்கொண்டது.

அதே நொடியில் கண்ணைக் கூசவைத்தது ஓர் ஒளி.

வடவொளித் தொலைக்காட்சியின் கேமரா! பக்கத்தில், மைக்கோடு, தன்ஸ்கானென் தாமே நேரில்!

"நேரலை!" என்று கூவினார். "தேர்தல் நாளில் வேட்பாளர் கைது!"

மிர்யா அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பாய்ந்தாள்.

"இதைக் காட்டறீங்க, இல்ல? அப்ப அந்தத் திருத்தத்தையும் காட்டுங்க. ஹெல்வி நூத்தி நாப்பத்தேழு. ஒரே ஒரு வரி!"

"இன்ஸ்பெக்டர், நிவாலா கைது செய்தி. ஹெல்வி நம்பர் பிரசாரம். வித்தியாசம் புரியலையா?"

"எனக்குப் புரியுது. ஊருக்கு எது புரியும்னுதான் பயமா இருக்கு!"

திரையின் அடியில் பட்டை ஓடத் தொடங்கியது.

'கௌகோ நிவாலா. வேட்பாளர் எண் 141.'

ஐந்தரைக்கு ஓடியது. ஆறுக்கு ஓடியது. காபிக் கடைத் தொலைக்காட்சியில், பெட்ரோல் நிலையத்தில், நீராவிக் குளியலுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்த குடும்பத்தின் முன்னால்... விலங்கு, முகம், எண். விலங்கு, முகம், எண். எட்டு மணி அடிக்கும் வரை ஓயவே இல்லை.

எட்டு மணிக்கு, முந்தைய வாரமே செலுத்தப்பட்ட முன்வாக்குகளின் கணக்கு வந்தது.

ஹெல்வி - 2,870. நிவாலா - 640.

காவல் நிலையத்தில் மிர்யா மூச்சு விட்டாள். ஹெல்வி போனில் அழுதாள், சிரித்தாள்.

பிறகு இன்றைய பெட்டிகள் திறந்தன.

நிவாலா ஏறினான். ஏறிக்கொண்டே போனான். ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்தது.

ஹெல்வி - 4,015. நிவாலா - 5,230.

கட்சிக்கு ஒரே இடம். அந்த இடம், அடுத்த அறையில் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தவனுக்கு!

"சட்டப்படி என்ன செய்ய முடியும் மிர்யா?" போனில் ஹெல்வியின் குரல் வறண்டிருந்தது.

"அவனுக்குத் தண்டனை வரணும். அப்புறம் பதவியைப் பறிக்கறதா இல்லையான்னு நாடாளுமன்றம் ஓட்டெடுக்கணும். பறிச்சா நீங்கதான் அடுத்து, அக்கா."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு வருஷம்... கூடவும் ஆகலாம்."

"வார்டைப் பூட்டப் போறது ஜூன்லம்மா."

இணைப்பு அறுந்தது.

மிர்யா போனை மேசையில் எறிந்தாள். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் தன்ஸ்கானென் சிரித்துக்கொண்டிருந்தார். நிலையத்தின் வரலாற்றிலேயே அதிகப் பேர் பார்த்த நேரலை என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மிர்யா திரையைப் பார்த்தபடியே குமுறினாள்.

"பேர் தெரியாதவனை ஊர் மறந்துச்சு. கொலைகாரனாத் திரையில வந்ததும் ஐயாயிரம் பேருக்கு ஞாபகம் வந்துடுச்சு! சனிக்கிழமை ஏமாந்தவங்களை மன்னிச்சுடலாம் ஓஸ்மோ. ஆறு மணிக்கு மேல, விலங்கையும் பாத்துட்டு, போய் அந்த நம்பரை எழுதினானே... அந்த மடையன் யாருன்னு எனக்குத் தெரியணும்!"

திரும்பிப் பார்த்தாள். ஓஸ்மோ தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"ஓஸ்மோ...?"

"ஏழரை மணிக்கு ஓடிப் போய் ஓட்டுப் போட்டேன் பாஸ். மனசுல சத்தியமா ஹெல்வி அக்காதான்... வட்டத்தைப் பார்த்தேன்... கை தானா எழுதிடுச்சு..."

"அடப்பாவி! அவன் கையில விலங்கு மாட்டினதே நீதானேடா!"

"அவன் கையில விலங்கை மாட்டினது நான்தான் பாஸ்... என் மண்டையில நம்பரை மாட்டினது டி.வி.!"